கடைத்தெருவை நடப்பவர்களுக்கு ஏற்றதாக்குவது எப்படி?

உங்கள் வார்டில் உள்ள கடைத்தெருவைச் சீரமைக்க மாநகராட்சி முடிவு செய்திருப்பதாகவும், சாலையை அகலப்படுத்தினால்தான் நெரிசலும் விபத்தும் குறையும் என்று வணிகர்களில் ஒரு பகுதியினரும், நடைபாதையைத்தான் அகலப்படுத்த வேண்டும் என்று குடியிருப்போரும் வாதிட்டுக்கொண்டிருப்பதாகவும் எழுதி, இதில் எது சரி, எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நடைபாதையைக் கேட்பவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் அகலத்தை மட்டும் கேட்டுப் பெற்றால் ஏமாந்துபோவீர்கள். வண்டிகள் தாமாகவே மெதுவாகப் போகும்படி தெருவின் வடிவம் இருக்க வேண்டும். நடக்கும் பாதை தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் கிடைத்தால் மற்றவற்றைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று தவறினாலும், பளபளப்பான கற்களும் அலங்கார விளக்குகளும் போட்ட பிறகும் மக்கள் தாரில் இறங்கித்தான் நடப்பார்கள்.

முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்கிறேன். தெருவில் அடிபட்டவர் பிழைப்பாரா என்பதை வேறு எதைக் காட்டிலும் மோதிய வண்டியின் வேகமே தீர்மானிக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு முன்னால், சுமார் 13.5 மீட்டர் தொலைவில், ஒரு குழந்தை திடீரென ஓடிவருவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடியாவது ஆகும். அந்த நொடியில் கார் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடியிருக்கும். உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் 5 மீட்டர் தேவைப்படும். ஆக, குழந்தையைத் தொடாமல் கார் நின்றுவிடும். அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் அந்த ஒரு நொடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே, வேகம் துளியும் குறையாமல் குழந்தையின்மீது மோதியிருக்கும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், அந்த அடி 30 கிலோமீட்டர் வேகத்தில் விழும் அடியைப்போல் இரண்டே முக்கால் மடங்குக்கும் கூடுதல். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்தின் வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுவதும் இதை ஒட்டியே. மனிதர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனமும் கேட்டுக்கொண்டது.

சென்னையில் 2023 நவம்பரில் காவல்துறை அறிவித்த வேக வரம்புகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் உச்ச வரம்பு 30 கிலோமீட்டர்தான். ஆகவே விதியைப் புதிதாகக் கேட்டுப் போராட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. விதியைத் தெருவின் உடம்பில் எழுதத்தான் போராட வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் பலகையைப் படித்து வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. கண்முன்னே விரியும் சாலையின் அகலத்தையும், நேராகத் தெரியும் தொலைவையும், முனையில் திரும்பும்போது எவ்வளவு ஒடிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் பார்த்தே தீர்மானிக்கிறார். அகலப்படுத்தினால் விபத்து குறையும் என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. மாலை ஆறு மணிக்கு அந்தச் சாலையில் யாரும் வேகமாகப் போக முடியாது என்பது உண்மை. ஆனால் விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவரும், இரவு கடை சாத்திவிட்டு வீடு திரும்புகிற தொழிலாளியும் தெருவைக் கடக்கும் நேரத்தில், அகலமாக்கப்பட்ட அதே சாலை பந்தயத் திடலாகிவிடும்.

எனவே நீங்கள் கேட்க வேண்டியவை இவை. வண்டி ஓடும் தடம் தேவைக்கு மேல் ஓர் அடிகூட அகலமாக இருக்கக் கூடாது. பேருந்து போகும் தடத்துக்கே 3 முதல் 3.3 மீட்டர் போதுமானது. தெரு முனைகளில் நடைபாதையின் வளைவை இறுக்கமாக அமைக்க வேண்டும். வளைவு தாராளமாக இருந்தால் வண்டி வேகத்தைக் குறைக்காமலேயே திரும்பிவிடும், கடந்துகொண்டிருப்பவர் பின்வாங்க நேரிடும். பெரிய சந்திப்புகளில் நாம் பழகிப்போன ‘ஃப்ரீ லெஃப்ட்’ இந்தத் தீமையின் முற்றிய வடிவம். சிக்னல் எந்த நிறத்தில் இருந்தாலும் இடதுபக்கம் வண்டிகள் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதால், நடப்பவருக்கு அங்கே பச்சை விளக்கு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. கிளைத்தெருக்கள் கடைத்தெருவில் வந்து சேரும் ஒவ்வோர் இடத்திலும், நடைபாதையின் மட்டத்திலேயே கடவையை, அதாவது நடப்பவர் தெருவைக் கடக்கும் இடத்தை, மேடையாக உயர்த்தி அமைக்கச் சொல்லுங்கள். அப்படி அமைத்தால் நடப்பவர் இறங்கி ஏற வேண்டியதில்லை. வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். நம் ஊர்களில் ஒப்பந்ததாரர்கள் அள்ளிக்கொட்டும் கூம்பு வேகத்தடைகள், அடையாளக் கோடோ எச்சரிக்கைப் பலகையோ இன்றி இருப்பதால், இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பைப் பதம் பார்க்கின்றன. மேடைக் கடவை ஒரே வேலையில் வேகத்தையும் குறைக்கிறது, பாதையையும் இணைக்கிறது.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஹெல்சிங்கியைச் சுட்டிக்காட்டலாம். பின்லாந்தின் அந்தத் தலைநகரில் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு 30 கிலோமீட்டர். தெருக்களைக் குறுக்கியும், கடவைகளைத் திருத்தியும், கேமரா வைத்தும் பல ஆண்டுகள் விடாமல் வேலை செய்த அந்த நகரத்தில், 2024 ஜூலை முதல் ஓராண்டுக் காலம் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. நம் நாட்டில் 2022-இல் மட்டும் 32,825 பாதசாரிகள் சாலைகளில் கொல்லப்பட்டார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. சாலை விபத்தில் இறந்தவர்களில் இவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு, 64,105 விபத்துகளுடன்.

இனி நடைபாதைக்கு வருவோம். இந்தியச் சாலைப் பேராயம் 2012-இல் வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டி, மிகக் குறைந்த அளவாக 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது. நடைபாதையின் உயரம் சாலை மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. இதில் ‘தடையின்றி’ என்பதுதான் உயிர். வரைபடத்தில் மூன்று மீட்டர் நடைபாதை என்று காட்டிவிட்டு, அதற்குள் மின்மாற்றி, மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், இணையக் கம்பிக்கான இரும்புப் பெட்டி, விளம்பரப் பலகை, பேருந்து நிழற்குடையின் கால், காவல்துறையின் தடுப்பு என ஒவ்வொன்றாக வைத்தால், ஒருவர் தோளைச் சாய்த்துப் போகும் சந்துதான் மிஞ்சும். நல்ல வடிவமைப்பில் நடைபாதை மூன்று பட்டைகளாகப் பிரிக்கப்படும். கடைவாசலை ஒட்டி, நின்று பொருள் பார்ப்பதற்கான ஒரு பட்டை. நடுவில் நடப்பதற்கு மட்டுமான பட்டை. சாலையோரத்தில் மரம், விளக்கு, பெட்டி, இருக்கை, தள்ளுவண்டி எல்லாவற்றுக்குமான பட்டை. நடுப்பட்டைக்குள் எந்தத் துறையும் எதையும் வைக்கக் கூடாது என்பதை ஒப்பந்த வரைபடத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நகரங்களில் பெரும்பாலான நடைபாதைகள் மழைநீர் வடிகாலின் மூடிகளே. வடிகாலைக் கட்டுபவர் தம் வசதிக்கேற்ப உயரத்தை வைத்துக்கொள்கிறார். மேலே கல் பதிப்பவர் அதே உயரத்தில் பதித்துவிடுகிறார். முழங்கால் உயரத்துக்கு எழும்பிய அந்த மேடையில் மூட்டுவலி உள்ள ஒரு பாட்டி எப்படி ஏறுவார் என்று யாரும் யோசிப்பதில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு கடையும் வீடும் தன் வாசலில் வண்டி ஏற நடைபாதையை வெட்டிச் சரிவு போடுவதால், இருபது அடிக்கு ஒருமுறை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. அதனால்தான் மக்கள் தாரில் நடக்கிறார்கள். அவர்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை என்று திட்டுவது அநியாயம். சரிவை நடைபாதையின் ஓரப் பட்டைக்குள்ளேயே முடித்துவிட்டு, நடக்கும் பட்டையை ஒரே மட்டத்தில் கொண்டுபோக வேண்டும். கார்தான் ஏறிக் கடந்து உள்ளே போக வேண்டும். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய அடுக்கைப் போடும் வழக்கத்தால் சில தெருக்களில் நேர்மாறாக, சாலை உயர்ந்து நடைபாதையும் வீட்டு வாசலும் பள்ளமாகிவிட்டன. சுரண்டி எடுத்த பிறகே மறுபடி தார் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு தெளிவாக அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போது இதை நினைவூட்டுங்கள்.

நன்றாகப் போட்ட நடைபாதையை ஆறே மாதத்தில் வேறொரு துறை வந்து தோண்டிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த துயரம். பெங்களூருவில் ‘டெண்டர்ஷ்யூர்’ என்ற பெயரில் சீரமைத்த சாலைகளில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, குடிநீர், கழிவுநீர், மழைநீர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நிலத்தடியில் தனித்தனியாக இடம் ஒதுக்கி, திறந்து பார்ப்பதற்கான ஆள்நுழை குழிகளை நடைபாதையில் முன்கூட்டியே அமைத்ததால், பழுது வரும்போது கல்லை உடைக்க வேண்டிய அவசியம் பெருமளவு குறைந்தது. தொடக்கத்தில் செலவு கூடுதல்தான். ஆனால் தோண்டித் தோண்டி மூடும் செலவைக் கணக்கில் சேர்க்காமல் அதை ஆடம்பரம் என்று சொல்வது சரியல்ல.

பார்வையற்றவர்களுக்கான வழிகாட்டிக் கற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் அவை பெரும்பாலும் மஞ்சள் அலங்காரமாகவே பதிக்கப்படுகின்றன. ஜப்பானியர் செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கிய இந்தக் கற்களில் இரண்டே வகை உண்டு: நீளக் கோடுகள் உள்ள கல் ‘தொடர்ந்து போ’ என்கிறது, புள்ளிகள் உள்ள கல் ‘நில், கவனி’ என்கிறது. கோட்டுக் கல்லைத் தொடர்ந்து வருகிறவர் நேராக ஒரு மரத்திலோ தடுப்புத் தூணிலோ போய் முட்டினால், அந்தக் கல் இல்லாமல் இருப்பதே அவருக்கு நல்லது. வேலை முடிந்து பணம் பட்டுவாடா ஆவதற்கு முன், பார்வையற்ற ஒருவரையும் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் அழைத்து முழு நீளமும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பொறியாளர் கண்ணுக்குப் படாத குறை அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்தினால் நடைபாதை கிடைத்துவிடும் என்ற எண்ணம் உங்கள் கேள்வியிலும் லேசாகத் தெரிகிறது. அதை நான் ஏற்கவில்லை. கடைத்தெருவின் நடைபாதையை அதிகமாக விழுங்குவது, பெரும்பாலும், ஏற்றி நிறுத்தப்பட்ட இருசக்கர வண்டிகளும் கார்களும், கடைக்காரர் வெளியே நீட்டிய பெஞ்சும்தான். பூக்கட்டுகிறவரும் பழம் விற்கிறவரும் இருப்பதால் அந்த இடத்தில் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் ஒரு பெண்ணுக்குக் காவலர் தரும் தைரியத்தைவிட அதிகமான தைரியத்தை அந்தப் பூக்காரம்மா தருகிறார். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-இல் நிறைவேறியது. நகர விற்பனைக் குழு அமைத்து, அதில் குறைந்தது 40 விழுக்காடு இடத்தை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்குக் கொடுத்து, கணக்கெடுப்பு நடத்தி, விற்பனை இடங்களை வரையறுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நடைபாதையின் ஓரப் பட்டையில் கோடு போட்டு அவர்களுக்கு இடம் கொடுத்தால் நடுப்பட்டை தானாகவே காலியாகும். துரத்தினால் மறுநாள் திரும்பி வருவார்கள், கோடில்லாத இடத்தில் உட்காருவார்கள்.

சாலையைக் கடப்பதற்கு நடை மேம்பாலம் கட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அடியில் லாரி போக 5.5 மீட்டர் இடைவெளி விட்டுக் கட்டும் பாலத்தில் ஏறுவதற்கு முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட படிகள், இறங்குவதற்கு அதே அளவு. இருபது மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க யாரும் அதைச் செய்யமாட்டார்கள். இளைஞர்கள் நடுத்திட்டைத் தாண்டிக் குதிப்பார்கள். முதியவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். தி. நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை வேறு கதை. ரயிலிலிருந்து இறங்கும் பெருங்கூட்டத்தை, ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குள் தள்ளாமல், அரை கிலோமீட்டருக்கும் மேலாக நேரே கொண்டுபோய் விடுவதால் அதற்கு ஒரு பயன் இருக்கிறது. அதைக் காட்டி எல்லாச் சாலைகளிலும் பாலம் கட்டுவது பொருந்தாது. தரைமட்டத்தில் கடப்பதுதான் நடப்பவரின் உரிமை. சிக்னல் வைக்கும் இடத்தில் பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்று பாருங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஒருவர் இருபது மீட்டரைக் கடக்க 17 நொடி ஆகும். நொடிக்கு 0.8 மீட்டரே நடக்கக்கூடிய முதியவருக்கு 25 நொடி வேண்டும். பத்து நொடி கொடுத்துவிட்டு அவர் பாதிச் சாலையில் நிற்பதைப் பார்த்து ஹாரன் அடிக்கக் கூடாது. நடுத்திட்டில் ஒரு குழந்தை வண்டியோடு நிற்கும் அளவுக்கு, சுமார் இரண்டு மீட்டர் அகலத்தில் இடம் விட்டால், இரண்டு கட்டமாகக் கடக்கலாம்.

இப்போது நெரிசல். வணிகர்களின் அச்சம் உண்மையானது, அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் சில மாதங்களுக்குக் குறையும். பிறகு, இதுவரை வேறு வழியாகவோ வேறு நேரத்திலோ போனவர்களும், பேருந்தில் போனவர்களும் அந்த வசதியைப் பார்த்து வண்டியோடு வருவார்கள், பழைய நிலை திரும்பிவிடும். ஒரே அகலமுள்ள ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் சொந்த வண்டிகளில் 600 முதல் 1,600 பேர்வரை போகலாம் என்றும், அதே தடம் நடைபாதையானால் 9,000 பேர்வரை போகலாம் என்றும் அமெரிக்க நகரப் போக்குவரத்து அலுவலர்களின் தேசியச் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. சென்னைக்கான 2008-ஆம் ஆண்டின் முழுமைப் போக்குவரத்து ஆய்வில், நூறு பயணங்களில் சுமார் 28 நடந்தே நடந்தன, ஏறத்தாழ 26 பேருந்தில், கார்களில் வெறும் 6. அதற்குப் பிறகு வண்டிகள் பெருகியிருக்கின்றன என்பது கண்கூடு. ஆனாலும், தமிழ்நாட்டில் 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் கிடைத்த பிறகு, நிறுத்தத்தில் இறங்கி நடந்தே கடைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் வணிகர்கள் தங்கள் கல்லாவிலிருந்தே பார்க்கலாம். ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். கடைவாசலில் அந்த இடத்தைக் காலையிலிருந்து மாலைவரை பிடித்திருப்பது பெரும்பாலும் வாடிக்கையாளரின் வண்டியா, கடைக்காரரின் வண்டியேயா என்பதையும் அவர்களே நேர்மையாகப் பார்க்கட்டும். இலவசமாக நிறுத்த இடம் இருக்கும்வரை நெரிசல் தீராது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கினால் வண்டிகள் சீக்கிரம் இடம் மாறும், தேடிச் சுற்றும் வண்டிகளும் குறையும். சரக்கு இறக்கக் காலை நேரத்தை ஒதுக்குவதும் இதனோடு சேர வேண்டும்.

பாண்டி பஜாரை எல்லோரும் எடுத்துக்காட்டுவதால் அதை நிதானமாகப் பார்ப்பது நல்லது. தி. நகர் தியாகராயர் சாலையில் நடைபாதை வியாபாரம் பல தலைமுறைகளாக நடந்தது; வியாபாரிகள் 2013-இல் அங்கேயே கட்டப்பட்ட ஒரு வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். பிறகு சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் சாலையின் வண்டித் தடம் குறுக்கப்பட்டு, இருபுறமும் அகலமான நடைவெளி அமைக்கப்பட்டு, 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. நிரந்தர வேலைக்கு முன்னால் தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சோதித்துப் பார்த்தது அதன் மிகப் பெரிய பலம். பயந்துகொண்டிருந்தவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்க அது வாய்ப்பளித்தது. இன்று மாலையில் அங்கே போனால், எதையும் வாங்காமல் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களையும், கையை விட்டு ஓடும் குழந்தைகளையும் பார்க்கலாம். நம் நகரங்களில் காசு கொடுக்காமல் உட்கார இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் மதிப்பு புரியும். அதே சமயம், அதன் பக்கத்துத் தெருக்களுக்குள் திரும்பினால் பழைய நிலைதான் தொடர்கிறது. ஒரு தெருவை மட்டும் அழகாக்கினால் அது சுற்றிப் பார்க்கும் இடமாக நின்றுவிடும். வீட்டிலிருந்து அந்தத் தெருவுக்கு நடந்து வரும் வழியும் சேர்ந்து திருந்தினால்தான் மக்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். என் பார்வையில், பாண்டி பஜாருக்குச் செலவிட்ட தொகையில் பளிங்கு போன்ற கற்களைக் குறைத்துக்கொண்டு, சாதாரணக் கான்கிரீட்டில் பல மடங்கு நீளத்துக்கு ஒழுங்கான நடைபாதை போட்டிருந்தால் இன்னும் பலருக்குப் பயன்பட்டிருக்கும். உங்கள் வார்டுக்கு அந்த வழியே பொருத்தமானது.

நிழலையும் வெளிச்சத்தையும் கடைசியில் சேர்க்கும் அலங்காரமாக நினைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நிழலில்லாத நடைபாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் காலியாகத்தான் கிடக்கும். ஏற்கெனவே நிற்கும் வேம்பையும் புங்கையையும் தூங்குமூஞ்சியையும் மையமாக வைத்துப் பாதையை வளைப்பதே அறிவு. அவற்றின் அடியைக் கான்கிரீட்டால் மூச்சு முட்ட அடைக்காமல், நீர் இறங்க மண்வெளி விட வேண்டும். தெருவிளக்குகள் இப்போது சாலையின் நடுவை நோக்கி உயரத்தில் எரிகின்றன. ஒளி மரக்கிளைகளுக்கு மேலேயே நின்றுவிடுவதால் நடைபாதை இருட்டாக இருக்கிறது. மரக்கிளைக்குக் கீழே, நடப்பவரின் முகம் எதிரே வருபவருக்குத் தெரியும்படி, தாழ்ந்த விளக்குகள் தனியாக வேண்டும்.

பணமும் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். சென்னை மாநகராட்சி 2014-இலேயே, இந்தியாவில் முதல் நகரமாக, மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பதற்கும் மிதிவண்டிக்கும் செலவிட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியதற்கும் செய்ததற்கும் இடையே உள்ள தூரம் சென்னையில் நடந்து பார்க்கும் எவருக்கும் விளங்கும். இருந்தாலும், ஒப்புக்கொண்ட வாக்கை நினைவூட்டிக் கேட்பது புதிதாகக் கெஞ்சுவதைவிட வலுவானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி நடைபாதைகள் இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தி, மாநிலங்கள் இதற்கான வழிகாட்டு நெறிகளை வகுக்க வேண்டும் என்றும் அது உத்தரவிட்டது. விபத்தில் நொறுங்கியவர்களின் எலும்புகளைத் தினமும் ஒட்டவைக்கும் துறையிலிருந்து ஒருவர் இந்த வழக்கைத் தொடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

வேலைக்கான டெண்டர் விடப்படுவதற்கு முன்பே நீங்கள் உள்ளே நுழைய வேண்டும். கல் இறங்கிய பிறகு எந்தப் பொறியாளரும் வரைபடத்தை மாற்றமாட்டார். வார்டு உறுப்பினரிடம் தெருவின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள்: எத்தனை மீட்டர் வண்டிக்கு, எத்தனை மீட்டர் நடப்பவருக்கு, எந்த உயரத்தில், மின்மாற்றியும் பெட்டிகளும் எங்கே. பகுதி சபைக் கூட்டத்தில் அதை வைத்துப் பேசுங்கள். இருசக்கர வண்டிகள் மேலே ஏறாமலிருக்கத் தடுப்புத் தூண்களை எந்த இடைவெளியில் வைக்கிறார்கள் என்று பாருங்கள். சக்கர நாற்காலி நுழைய 1.2 மீட்டர் விட்டால் இருசக்கர வண்டியும் நுழையத்தான் செய்யும், ஆகவே தூணோடு சேர்த்து அபராதமும் வேண்டும். ஒப்பந்தத்தில் குறைந்தது சில ஆண்டுகளுக்கான பராமரிப்பையும், உடைந்த கல்லை இத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால், ஒரு வார இறுதிக்காவது, கோன்களையும் கயிற்றையும் வைத்துப் புதிய அமைப்பைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்க்க மாநகராட்சியையும் போக்குவரத்துக் காவல்துறையையும் சம்மதிக்க வையுங்கள். அதற்கு முந்தைய வாரமும் அந்த வாரமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, எத்தனை பேர் நடந்து வருகிறார்கள், எத்தனை பேர் வண்டியில் வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கடைக்குள் நுழைகிறார்கள் என்று எண்ணி, ஆண், பெண், குழந்தை, முதியவர் எனப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மாநகராட்சிப் பொறியாளருக்கும் வணிகர் சங்கத் தலைவருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.